ஆறு ஸ்லாட்டும் அரை இன்ச் குழாயும்

சத்தமே போடாத ஒரு பொருளை வாங்குவதற்கு எங்கள் தெருவிலேயே அதிகமாகச் சத்தம் போட்டவன் நான்தான். பொருளின் பெயர் நாஸ். வீட்டு நெட்வொர்க்கில் செருகிவிட்டால் கல்யாண வீடியோ, குழந்தையின் பிறந்தநாள் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், ஆதார் நகல் என்று குடும்பத்தின் மொத்த டிஜிட்டல் சொத்தும் ஒரே பெட்டியில் அடங்கிவிடும். அதிலும் சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்றுகூட இல்லாமல் முழுக்க எஸ்.எஸ்.டி.யில் ஓடும் பெட்டிகள் சமீப காலமாக மாதச் சம்பளக்காரனும் ஆசைப்படுகிற விலைக்கு வந்துவிட்டன. நானும் ஆசைப்பட்டேன்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு நாஸ் இருந்தது. இரண்டு ஹார்ட் டிஸ்க், டிவி அலமாரிக்குள் வாசம். ஊர் அடங்கிய பிறகு அது தன் சொந்தப் பராமரிப்பு வேலையை ஆரம்பிக்கும். கரகரவென்று ஒரு சத்தம். "ஏங்க, எலி வந்திருக்கு" என்று மனைவி எழுப்புவாள். "எலி இல்லம்மா, டிஸ்க்கு" என்பேன். "அப்ப அதுக்கும் மருந்து வெச்சிடுங்க" என்று திரும்பிப் படுத்துவிடுவாள்.

சத்தத்தை நான் பொறுத்துக்கொண்டேன். வேகத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. 4 ஜி.பி. வீடியோ ஒன்றை லேப்டாப்பிலிருந்து அதில் ஏற்ற ஆறு நிமிடம் ஆனது. ஹார்ட் டிஸ்க் என்றால் இப்படித்தான், தட்டு சுற்றி, ஊசி தேடி, எழுதி முடிக்க வேண்டாமா என்று விசாரணை இல்லாமலே தீர்ப்பு எழுதினேன். அந்தத் தீர்ப்பின் பேரில்தான் எல்லாச் செலவும் நடந்தது.

புதுப் பெட்டி உள்ளங்கையில் உட்காரும் அளவு. அதற்குள் எம்.2 எஸ்.எஸ்.டி. செருக ஆறு ஸ்லாட். ஆறு என்பதைப் பார்த்ததும் எனக்கு மற்ற எழுத்துகள் எதுவும் தெரியவில்லை. விளம்பரத்தில் ஸ்லாட் எண்ணிக்கைக்குக் கீழே சின்னதாக 'எக்ஸ்1' என்று போட்டிருந்ததை மாடல் நம்பரின் பாகம் என்று நினைத்துவிட்டேன். அது மாடல் நம்பர் இல்லை. பெட்டியின் ஜாதகமே அதுதான்.

இந்த மலிவு விலைப் பெட்டிகள் பெருகியதற்குப் பெரிய காரணம் இன்டெல் 2023 தொடக்கத்தில் கொண்டுவந்த என்100 என்கிற சிப். பின்னால் வந்த என்150 அதையே கொஞ்சம் முடுக்கிவிட்ட வடிவம். நான்கு கோர், 6 வாட் வகை, உள்ளேயே கிராபிக்ஸ், விலையும் குறைவு. ஆனால் எஸ்.எஸ்.டி., நெட்வொர்க் போர்ட் போன்றவற்றோடு பேச அதில் இருக்கும் பிசிஐஇ 3.0 பாதைகள் மொத்தம் 9. சாதாரணமாக ஒரு எம்.2 எஸ்.எஸ்.டி. தனக்கு மட்டும் 4 பாதை கேட்கும். ஆறுக்கு 24. கையிருப்போ 9. அதிலும் இரண்டு நெட்வொர்க் போர்ட்டுகள் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் 7. ஐந்து ஸ்லாட்டுக்குத் தலா ஒன்று (அந்த 'எக்ஸ்1'-க்கு அர்த்தம் அதுதான்), ஆறாவது ஸ்லாட்டுக்கு மட்டும் இரண்டு. கணக்கு ஒரு பைசா மிச்சமில்லாமல் முடிந்தது. வடிவமைத்தவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தச் சம்பளத்தில் இதைவிடச் சிக்கனமாகக் குடும்பம் நடத்த என்னால் முடியாது.

பெரிய பெயர்களும் இதே கணக்கில்தான் தலையைச் சொறிந்தார்கள். ஆசஸ்டோர் 2023-ல் விட்ட பிளாஷ்ஸ்டோர் வரிசையில் ஆறு ஸ்லாட் மாடல் ஒன்று, பன்னிரண்டு ஸ்லாட் மாடல் ஒன்று. இரண்டுக்கும் செலரான் என்5105 என்கிற ஒரே சிப், அதற்கு 8 பாதைதான். பன்னிரண்டு பேருக்குப் பந்தி போட நடுவில் பாதையைப் பங்கு பிரிக்கும் சிப்களை வைத்துச் சமாளித்தார்கள். அடுத்த தலைமுறையில் ஏஎம்டியின் ரைசன் வி3சி14-க்கு மாறினார்கள். 20 பாதைகள், பிழை திருத்தும் ஈசிசி நினைவகம் எல்லாம் வந்தன. விலை எகிறியது. அந்தச் சிப்பில் கிராபிக்ஸ் கிடையாது என்பதால் டிவிக்கு ஏற்றபடி வீடியோவை மாற்றிக் கொடுக்கிற வேலையில் ஏழை என்100-தான் கெட்டிக்காரன். எல்லாம் உள்ள பெட்டி என்று ஒன்று கடையில் இல்லை. இந்த ஞானமெல்லாம் நான் பணம் கட்டிய பிறகு வந்தது. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படிப்பது எங்கள் பரம்பரைப் பழக்கம்.

எஸ்.எஸ்.டி. வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். "இருக்கிறதிலேயே வேகமானது கொடுங்க" என்றேன். விநாடிக்கு 7,000 எம்.பி. என்று அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சடித்த ஒன்றை எடுத்து வைத்த கடைக்காரர், "எதுல சார் போடப் போறீங்க?" என்றார்.

"நாஸ்ல."

"அதுக்கு இது எதுக்கு சார்? பாதி விலையில இருக்கு பாருங்க, அதுவே ஜாஸ்தி."

விலை குறைந்ததை வாங்கச் சொல்லும் கடைக்காரரை நம்பக் கூடாது என்பது அப்போதைய என் வியாபார ஞானம். விற்காத சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று முடிவுகட்டி, 7,000-ஐயே ஜோடியாக வாங்கினேன். கூடவே, நினைவகத்தையும் கூட்டிவிடலாம் என்று ஒரு ரேம் ஸ்டிக்கும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது 12 ஜி.பி. ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தது. ஸ்டிக் செருக இடமே இல்லை. அது இப்போது என் மேசையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

எம்.2 ஸ்டிக்கைப் பிடித்து நிறுத்தும் திருகாணி கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. அதைத் தேடித் தரையில் தவழ்ந்ததைப் பற்றி விரிவாக எழுதப்போவதில்லை. ஒருவழியாக எல்லாம் பொருந்தியது. இரண்டு எஸ்.எஸ்.டி.யையும் ரெய்ட் 1 முறையில் ஜோடியாக்கினேன். ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் எழுதப்படும். வீட்டாரைக் கூப்பிட்டு ஹாலில் உட்காரவைத்து, அதே 4 ஜி.பி. வீடியோவை ஏற்றிக் காட்டினேன்.

ஆறு நிமிடம்.

"பழசும் இதே நேரம்தானப்பா ஆச்சு?" என்றாள் மகள். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நல்ல மார்க் வாங்குகிறவள்.

பெட்டியைச் சந்தேகித்தேன். எஸ்.எஸ்.டி.யைச் சந்தேகித்தேன். விண்டோஸைச் சந்தேகிப்பது வழக்கம் என்பதால் அதையும் விடவில்லை. செட்டிங்ஸ் பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் மாற்றி, எதை மாற்றினேன் என்பதை மறந்து, மறுபடி முதலிலிருந்து நிறுவினேன். கடைசியில் நெட்வொர்க் நிலவரம் காட்டும் பக்கத்தில் ஒரு வரி: இணைப்பு வேகம் 100 எம்பிபிஎஸ். அதாவது விநாடிக்குப் 11, 12 எம்.பி. சுவருக்குள் கேபிள் இழுத்த எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, நெட் கேபிள்ல எத்தனை கம்பி கனெக்ட் பண்ணீங்க?"

"நாலு சார். நெட்டுக்கு நாலு போதும். மிச்ச நாலுல டிவிக்குப் பாயின்ட் குடுத்தேன். நீங்கதானே சார் இன்னொரு கேபிள் இழுக்க வேணாம், வீண் செலவுன்னீங்க?"

நான்தான் சொல்லியிருந்தேன். நெட்வொர்க் கேபிளில் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். வீடு கட்டும்போது மிச்சம் பிடித்த அந்தக் கேபிள் காசுதான் இத்தனை வருடமும் பழைய ஹார்ட் டிஸ்க்கின் மேல் பழியாக விழுந்திருக்கிறது. அந்த ஏழை டிஸ்க் விநாடிக்கு நூற்றைம்பது எம்.பி.க்கு மேல் தயாராக வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்திருக்கிறது. எலி மருந்து வைக்கப்பட வேண்டியது எனக்குத்தான்.

எட்டுக் கம்பியையும் ஒரே பாயின்ட்டில் சேர்த்தோம். வேகம் வந்தது, டிவி போனது. "ஏன்டா, சீரியல் ஏன் வரல?" என்று அம்மா கேட்டாள். கம்பி ஜோடிகளைப் பற்றி விளக்கினேன். "அதெல்லாம் சரி, ஏழரைக்குள்ள வந்துடுமா?" என்றாள். ஓடிப்போய் ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்கி வந்தேன். அவசரத்தில் வாங்கியது, கிகாபிட்தான். பெட்டியிலோ இருப்பது இரண்டரை கிகாபிட் போர்ட். அந்த வேகத்துக்கு 2016-ல் தரநிலை வந்தபோதே சாதாரண கேட்-5இ கேபிளில் ஓடும்படிதான் வகுத்தார்கள். ஆகவே சுவரை இடிக்க வேண்டியதில்லை, ஸ்விட்ச்சை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் போதும். பார்க்கவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். எஸ்.எஸ்.டி.யின் அட்டையில் 7,000 எம்.பி. ஒற்றைப் பாதை ஸ்லாட்டில் செருகியதும் அது சுமார் 985. இரண்டரை கிகாபிட் போர்ட்டில் வெளியே வந்தால் அதிகபட்சம் 312. என் ஸ்விட்ச்சைத் தாண்டினால் 118 வாக்கில். வை-ஃபையில் மாடி அறைக்குப் போய்ச் சேரும்போது என்ன மிஞ்சுகிறது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. மொட்டை மாடியில் ஆறு சின்டெக்ஸ் தொட்டி ஏற்றிவிட்டு, கீழே அரை இன்ச் குழாயில் ஒரு பக்கெட் பிடித்தவன் நான். ஒற்றைப் பாதைதானே என்று புலம்பியதும் வீண். அந்த ஒற்றைப் பாதையே இரண்டரை கிகாபிட்டைப் போல மூன்று மடங்கு. இந்தப் பெட்டியில் குறை பாதையில் இல்லை, வாசலில். 10 கிகாபிட் போர்ட் வைத்த பெட்டி வாங்காதவரை, ஸ்லாட்டுக்கு எத்தனை பாதை என்று சண்டை போடுவதில் ஒரு பயனும் கிடையாது.

அந்தக் கடைக்காரர் சொன்னது சரி என்று புரிந்ததும் அடுத்த முட்டாள்தனத்துக்குத் தயாரானேன். மூன்றாவது எஸ்.எஸ்.டி.யை இருப்பதிலேயே மலிவாக இணையத்தில் வாங்கினேன். அது கியூஎல்சி வகை. பிளாஷ் நினைவகத்தின் ஒரு செல்லில் மூன்று பிட் அடைத்தால் டிஎல்சி, நான்கு அடைத்தால் கியூஎல்சி. மூன்று பிட்டுக்கு எட்டு மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும், நான்குக்குப் பதினாறு. அதனால் எழுத நேரம் பிடிக்கும், செல்லும் சீக்கிரம் தேயும். இது வெளியே தெரியாமலிருக்க, காலியாக இருக்கும் செல்களில் முதலில் ஒற்றை பிட்டாக வேகமாக எழுதிக்கொண்டு, பிறகு ஓய்வாக நான்காக மடித்து வைக்கும். காலியிடம் குறையக் குறைய இந்த ஏற்பாடும் சுருங்கும்.

மச்சான் தன் கல்யாண வீடியோவின் எடிட் செய்யாத மொத்தப் பதிவையும் கொடுத்து, "மாமா, உங்ககிட்டதான் பெரிய பெட்டி இருக்கே, வெச்சிக்கோங்க" என்றான். பெட்டியின் புகழ் பரவியதில் நெகிழ்ந்து, ஏற்கெனவே முக்கால்வாசி நிரம்பிய அந்த மூன்றாவது டிஸ்க்கில் ஏற்ற ஆரம்பித்தேன். முகூர்த்தம் வரை பறந்தது. சாப்பாட்டுப் பந்தி வந்தபோது படுத்துவிட்டது. 118-ஐக்கூடத் தொட முடியாமல், எழுபது, அறுபது என்று இறங்கியது. என் கிகாபிட் வயரைவிட மெதுவான ஒரு எஸ்.எஸ்.டி.யைக் காசு கொடுத்துக் கண்டுபிடித்துவிட்டேன். எலி டிஸ்க் இதைவிட வேகம். எப்போதாவது எழுதி அடிக்கடி படிக்கிற வேலைக்குக் கியூஎல்சி தாராளமாகப் போதும், அதில் எனக்குக் குறையில்லை. கல்யாணத்தை ஒரே மூச்சில் விழுங்கச் சொன்னது என் தப்பு.

பிறகு மே மாதம் வந்தது. பழைய நாஸ் இருந்த அதே டிவி அலமாரிக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் புதுப் பெட்டியை வைத்திருந்தேன். கீழே காற்றை இழுத்து மேலே விடும் வடிவம். மேலே விடுவதற்கு அலமாரியின் அடுத்த தட்டு. சென்னைப் புறநகரில் அக்னி நட்சத்திரத்தில் அறையே 35 டிகிரி. மூடிய அலமாரிக்குள் எத்தனை என்பதை அந்தப் பெட்டிதான் சொல்ல வேண்டும், சொன்னது: எஸ்.எஸ்.டி. 78 டிகிரி. இந்த வகை ஸ்டிக்குகள் பொதுவாக 70 வரைதான் வேலைக்கு உறுதி தரும், அதற்கு மேல் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். 7,000-க்காக வாங்கியவைதான் அதிகம் கொதித்தன. வேகக் கன்ட்ரோலருக்குச் சூடும் அதிகம். எனக்குக் கிடைக்காத வேகத்துக்கு வெப்பம் மட்டும் முழுசாகக் கிடைத்தது.

பிரித்துப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேடின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், உரித்துவிட்டுப் பொருத்த வேண்டும். நான் உரிக்கவில்லை. புதுப் பொருளின் மேல் இருக்கும் பாலித்தீனை உரிக்க மனசு வராத குடும்பத்திலிருந்து வந்தவன். எங்கள் வீட்டு டிவி ரிமோட் இன்றும் உறையோடுதான் இருக்கிறது.

தாளை உரித்தேன், கதவைத் திறந்து வைத்தேன், போதவில்லை. டேபிள் ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்து பெட்டியைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். சூடு இறங்கியது. அந்த ஃபேனுக்கு வயது பதினைந்து, சுற்றும்போது டடக் டடக் என்று ஒரு தாளம். ராத்திரி அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த மனைவி, "எலியே தேவலாம்" என்றாள்.

மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்லித்தான் வீட்டில் அனுமதி வாங்கியிருந்தேன். பழைய பெட்டியைவிட 15 வாட் குறைவு என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாத பில்லில் மிச்சம் 21 யூனிட் சொச்சம். யூனிட் ஆறு ரூபாய் போட்டாலும் 130 ரூபாய். டேபிள் ஃபேன் அதைவிட அதிகம் சாப்பிட்டுவிட்டது. இந்தப் பத்தியை அவள் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கரன்ட் போகும் விஷயம் இன்னும் சங்கடமானது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று யூபிஎஸ் தனியாக வாங்கவில்லை. கரன்ட் போகும்போதெல்லாம் பெட்டி ஒரு முறை செத்துப் பிழைத்தது. இன்வெர்ட்டரின் முதுகில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். யூபிஎஸ் பக்கம் தள்ளினால் மின்னல் வேகத்தில் பேட்டரிக்கு மாறும். சாதாரணப் பக்கம் இருந்தால் லைட்டும் ஃபேனும் கவனிக்காத அளவுக்கு ஒரு தயக்கத்தோடு மாறும், கம்ப்யூட்டர் கவனித்துவிடும். எங்கள் வீட்டில் அது வாங்கிய நாளிலிருந்து சாதாரணப் பக்கம். சர்வர்களுக்கான எஸ்.எஸ்.டி.களில் கரன்ட் போன கணத்தில் கையிலிருக்கும் எழுத்தை முடிக்கக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எம்.2 வடிவில் அவற்றில் பல 110 மி.மீ. நீளம். மலிவுப் பெட்டியின் ஸ்லாட் 80 மி.மீ.தான். வாங்க நினைத்தாலும் நுழையாது. இதை அளந்து பார்க்காமல் ஒன்றை ஆர்டர் செய்தேனா என்று கேட்காதீர்கள்.

பெரிய தப்பு கடைசியில் நடந்தது. இடத்தைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று ஒரே பெயருடைய இரண்டு போல்டர்களில் ஒன்றை அழித்தேன். மகளின் பள்ளி ஆண்டு விழா வீடியோக்கள் இருந்த போல்டர் அதுதான். ஜோடி டிஸ்க் இருக்கிறதே என்று பதறாமல் இருந்தேன். ரெய்ட் 1 சொன்னதைச் சொன்னபடி இரண்டிலும் செய்யும். இரண்டிலும் அழித்திருந்தது. ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்று காப்பாற்றும், மனிதன் அழித்தால் இரண்டும் கீழ்ப்படியும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் அழித்ததை மீட்கும் மென்பொருள்கள் உண்டு. அழித்தாலும் அதன் மேல் வேறு எழுதும்வரை பழைய தடம் கிடக்கும். எஸ்.எஸ்.டி.யில் ட்ரிம் என்கிற கட்டளை போய், இந்த இடம் இனி வேண்டாம் என்று சொல்லிவிடும், டிஸ்க்கும் துடைத்துவிடும். நான் வாராவாரம் ட்ரிம் ஓடும்படி அமைத்திருந்தேன். வாழ்க்கையில் நான் ஒழுங்காக அமைத்த ஒரே விஷயம் அது. நான் விழித்துக்கொள்வதற்குள் ஓடிவிட்டது.

வீட்டில் இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பிறகு மனைவிதான் பீரோவிலிருந்து ஒரு பழைய தலையணை உறையை எடுத்து வந்தாள். உள்ளே பழைய நாஸின் ஹார்ட் டிஸ்க் ஒன்று. புதுப் பெட்டி வந்த அன்று, "இதை வித்துடலாம்" என்று நான் சொன்னபோது, விற்காமல் சுற்றி வைத்திருக்கிறாள். வீடியோக்கள் அனைத்தும் இருந்தன.

அதற்குப் பிறகும் எனக்கு ஒரு யோசனை உதித்தது. 7,000-ல் ஒன்றைக் கழற்றி பேக்கப் எடுத்துப் பீரோவில் பூட்டிவிட்டால் என்ன? செய்தும்விட்டேன். செய்த பிறகு படித்தேன். பிளாஷ் செல் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துத்தான் நினைவில் கொள்கிறது, மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அது மெல்லக் கசியும். ஜெடெக் தரநிலை, எழுதி எழுதி ஆயுள் முடிந்த சாதாரண எஸ்.எஸ்.டி.க்கு 30 டிகிரியில் ஓர் ஆண்டுதான் எதிர்பார்க்கிறது. புதியது அதைவிட எவ்வளவோ தாங்கும், சூடு கூடினால் குறையும். எங்கள் பீரோ மேற்குச் சுவரோரம். அங்கே திரும்பவும் ஹார்ட் டிஸ்க்கே போயிற்று. மாதம் ஒரு முறை எடுத்துச் செருகி நகல் எடுக்கிறேன். அப்போது மட்டும் அந்தக் கரகர சத்தம் கேட்கிறது, யாரும் புகார் சொல்வதில்லை.

பெட்டி இன்னும் ஓடுகிறது. அலமாரியிலிருந்து ஜன்னலோரத் திறந்த தட்டுக்கு மாற்றி, ஃபேனை ஓய்வுக்கு அனுப்பியாயிற்று. ஆறில் நான்கு ஸ்லாட் நிரம்பியிருக்கிறது, எல்லாமே நடுத்தர விலை டிஎல்சி. அளவுக்கும் அமைதிக்கும் இதை வாங்கலாம். வேகத்துக்கு வாங்காதீர்கள். அப்படியே வாங்கப்போவதாக இருந்தால், பெட்டி வாங்குவதற்கு முன்னால் சுவரிலிருக்கும் பாயின்ட்டைக் கழற்றி எட்டுக் கம்பியும் இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள். இன்வெர்ட்டரின் முதுகைப் பாருங்கள். பேக்கப்புக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் விலையைத் தனியே எடுத்து வைத்த பிறகு மிச்சக் காசுக்கு எஸ்.எஸ்.டி. வாங்குங்கள்.

நான்கு பாதை ஸ்லாட் உள்ள நல்ல லேப்டாப் வைத்திருக்கும் வாசகர் யாராவது இருந்தால் சொல்லவும். 7,000 எம்.பி. எஸ்.எஸ்.டி. இரண்டு விற்பனைக்கு இருக்கின்றன. இதுவரை ஏழில் ஒரு பங்கு வேகத்துக்கு மேல் ஓட்டியதில்லை.